ஒழுகிய பெட்ரோல் டேங்க்: தண்ணீரை இறைக்கும் முன் எண்ணெய் எங்கே என்று தேடுங்கள்

கேள்வியின் சாரம் இது. பக்கத்து பெட்ரோல் பங்க்கில் மண்ணுக்கடியில் இருந்த பழைய டேங்க் ஒழுகியிருக்கிறது, இப்போது கிணற்றுத் தண்ணீரில் பெட்ரோல் வாடை. ஒரு நிறுவனம் "ஆறு மாதம் தண்ணீரை இறைத்து வடிகட்டினால் சரியாகிவிடும்" என்கிறது. இன்னொன்று "முதலில் பத்துப் பன்னிரண்டு இடத்தில் துளை போட்டுப் பார்க்க வேண்டும்" என்று பெரிய செலவுக் கணக்கை நீட்டுகிறது. யார் சொல்வது சரி, இந்த வேலை உண்மையில் எப்படி நடக்கும்?

நான் இரண்டாவது நிறுவனத்தின் பக்கம். துளைகளின் எண்ணிக்கையைப் பற்றிப் பேரம் பேசலாம், துளையே வேண்டாம் என்பவரிடம் வேலையைக் கொடுக்க வேண்டாம். ஏன் என்பதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

அதற்கு முன் அவசரமான சில விஷயங்கள். வீட்டின் அடித்தளத்திலோ சாக்கடை மூடியருகிலோ பெட்ரோல் வாடை வந்தால் அது ஆய்வாளரைத் தேடும் நேரம் இல்லை, தீயணைப்புத் துறையைக் கூப்பிடும் நேரம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தாழ்வான இடத்தில் தேங்கும். காற்றில் ஏறத்தாழ 1.4 சதவீதம் கலந்திருந்தாலே பற்றிக்கொள்ள ஒரு பொறி போதும். சுவிட்சைத் தொடாமல் வெளியே வந்துவிடுங்கள்.

அந்தத் தண்ணீரைக் குடிப்பதையும் சமைப்பதையும் இன்றே நிறுத்துங்கள். கொதிக்க வைத்தால் போய்விடும் என்று சிலர் நினைக்கிறார்கள். போகத்தான் செய்யும், ஆனால் போய்ச் சேரும் இடம் சமையலறைக் காற்று. பெட்ரோலில் உள்ள பென்சீன் என்ற நச்சுப் பொருளைக் குடிக்காமல் விட்டுச் சுவாசிப்பீர்கள். வெந்நீர்க் குளியலுக்கும் இதே பேச்சுதான். வாடை இல்லாவிட்டால் பரவாயில்லை என்றும் இருந்துவிட முடியாது. பென்சீன் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள். குடிநீரில் அதற்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம், அமெரிக்காவின் வரம்பு 5. அதைவிடப் பல பத்து மடங்கு ஏறிய பிறகுதான் நம் மூக்குக்கும் நாக்குக்கும் தெரியவரும்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். பெட்ரோலில் 1 சதவீதம் பென்சீன் என்று வைத்துக்கொண்டால், ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 7.5 கிராம் இருக்கும். அது முழுவதும் தண்ணீரில் கரைந்தால் ஏழரை லட்சம் லிட்டரை அந்த 10 மைக்ரோகிராம் வரம்புவரை கொண்டுபோய் நிறுத்திவிடும். ஒரே ஒரு லிட்டர்! டேங்குகள் ஒழுகுவதோ லிட்டர் கணக்கில் இல்லை. அமெரிக்க விதிகளின்படி மாதம் ஒருமுறை நடக்கும் கசிவுச் சோதனை மணிக்கு 0.2 கேலன் கசிவைக் கண்டுபிடிக்கக்கூடியதாக இருந்தால் போதும். அது மணிக்கு முக்கால் லிட்டர், மாதத்துக்கு 500 லிட்டருக்கு மேல். அதற்கும் குறைவாகச் சொட்டிக்கொண்டிருக்கும் டேங்க் சோதனையில் தேறிவிடவும் கூடும்.

சரி, மண்ணுக்குள் போன பெட்ரோல் எங்கே இருக்கிறது? எல்லாமே இந்தக் கேள்வியில்தான் தொங்குகிறது. அது நாலு வடிவத்தில் இருக்கும். டேங்கிலிருந்து கீழே இறங்கும் வழியெல்லாம் மண்துகள்களுக்கு நடுவே கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டிக்கொள்ளும். மிச்சம் நிலத்தடி நீர்மட்டத்தைத் தொட்டதும், தண்ணீரைவிட லேசானது என்பதால் அதன் மேல் பரவும். அதிலிருந்து பென்சீன், டொலுவீன், எத்தில்பென்சீன், சைலீன் போன்றவை கரைந்து தண்ணீரோடு நகரும். இன்னொரு பங்கு ஆவியாகி மண்ணிடுக்குக் காற்றில் மேலே ஏறும். உங்கள் கிணற்றில் வருவது கரைந்த பங்கு மட்டும். எடையை வைத்துப் பார்த்தால் மொத்தத்தில் அது பெரும்பாலும் மிகச் சொற்பம். முதல் நிறுவனம் சுத்தம் செய்கிறேன் என்பதும் அந்தச் சொற்பத்தைத்தான்.

நீர்மட்டம் வேறு ஓரிடத்தில் நிற்காது. கோடையில் இறங்கும்போது மிதக்கும் எண்ணெயும் கூடவே இறங்கிக் கீழ்மண்ணில் பூசிக்கொள்ளும். மழைக்காலத்தில் தண்ணீர் ஏறும்போது அந்தப் பூச்சில் பெரும்பகுதி தண்ணீருக்கடியிலேயே மாட்டிக்கொள்ளும். அதனால் கண்காணிப்புக் கிணற்றில் வறட்சிக் காலத்தில் எண்ணெய் தென்படும், மழை பெய்ததும் காணாமல் போகும். இதைக் காட்டி "பாருங்கள், சுத்தமாகிவிட்டது" என்று அறிக்கை கொடுப்பவர்கள் உண்டு. அடுத்த கோடையில் அது திரும்ப வந்து நிற்கும்.

ஆய்வு காகிதத்தில் தொடங்க வேண்டும், துளைக்கருவியில் இல்லை. டேங்க் எந்த ஆண்டு புதைத்தது, வெறும் இரும்பா, அரிப்புத் தடுப்பு உண்டா, அதே இடத்தில் இதற்கு முன் வேறு டேங்க் இருந்ததா, குழாய் எந்த வழியே பம்புக்குப் போகிறது, எப்போது எதை மாற்றினார்கள் என்று கேளுங்கள். கசிவு என்றால் எல்லோரும் டேங்கைத்தான் பார்ப்பார்கள். குழாய் இணைப்புகள், பம்புக்கு அடிப்பகுதி, லாரியிலிருந்து நிரப்பும்போது வழியும் வாய்ப்பகுதி ஆகியவையும் அதே அளவு சந்தேகத்துக்குரியவை. வாங்கியது, விற்றது, டிப் அளவு (டேங்குக்குள் கோல் விட்டுப் பார்க்கும் மட்டம்) மூன்றையும் பல மாதங்களுக்கு ஒப்பிட்டால் ஒரு போக்கு தெரியும். ஒரே நாள் கணக்கை வைத்துத் தீர்ப்பு சொல்லக் கூடாது. பெட்ரோல் 10 டிகிரி குளிர்ந்தால் ஏறத்தாழ 1 சதவீதம் சுருங்கும். 10,000 லிட்டரில் அதுவே 100 லிட்டர் "காணாமல்" போனதுபோல் காட்டும்.

டேங்க் மிகப் பழையது, ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தது என்றால், ஆய்வகத்தில் எத்திலீன் டைபுரோமைடுக்கான சோதனையையும் கேட்டுச் செய்யச் சொல்லுங்கள். அந்த பெட்ரோலில் ஈயத்தோடு சேர்த்துக் கலந்த பொருள் அது. அமெரிக்கக் குடிநீர் வரம்பு லிட்டருக்கு வெறும் 0.05 மைக்ரோகிராம். வழக்கமான பென்சீன் பட்டியலில் அது இருக்காது, கேட்டால்தான் பார்ப்பார்கள்.

அப்புறம் துளை. டேங்க் குழியைச் சுற்றி, குழாய் போகும் பாதையில், பம்புகளுக்கு அருகில் முதல் சுற்று. அதில் கிடைப்பதை வைத்து அடுத்த சுற்றை வெளியே நகர்த்துவார்கள். எல்லாத் துளையையும் வரைபடத்தில் முன்கூட்டியே குறித்துக்கொண்டு வந்து ஒரே மூச்சில் போட்டுவிட்டுப் போகிறவரைவிட, முதல் நாள் முடிவைப் பார்த்து இரண்டாம் நாள் இடத்தை மாற்றுகிறவர் நல்ல ஆள்.

குழாயோடு மேலே வரும் மண்ணை நீளவாக்கில் திறந்து வைத்துப் பார்த்தால் கதை அதிலேயே எழுதியிருக்கும். மேலே சாதாரணப் பழுப்பு மண். கொஞ்சம் கீழே போனதும் சாம்பலும் பச்சையும் கலந்த நிறம், கூடவே வாடை. நிறம் மாறுவதற்குக் காரணம், எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டு மண்ணின் இரும்புத் துருவில் கைவைப்பது. ஒவ்வொரு அரை மீட்டரிலும் ஒரு பிடி மண்ணை எடுத்து, மூடும் பிளாஸ்டிக் பையில் போட்டு, பத்து நிமிடம் வெதுவெதுப்பாக விட்டு, ஆவி அளக்கும் கருவியின் மூக்கை உள்ளே நுழைப்பார்கள். அந்த எண் ஆய்வக முடிவு ஆகாது. ஆனால் எந்த ஆழத்து மண்ணை ஆய்வகத்துக்கு அனுப்பலாம் என்று அதுதான் சொல்லும். எண்கள் ஆழத்தோடு ஏறி, நீர்மட்டத்தருகே உச்சத்தைத் தொட்டு, சட்டென்று விழுந்தால், மேலிருந்து இறங்கிய கசிவு. மேலே ஒன்றுமே இல்லாமல் நீர்மட்டத்தில் மட்டும் எகிறினால், எண்ணெய் பக்கவாட்டில் வேறெங்கிருந்தோ வந்திருக்கிறது. பங்க் முதலாளிக்கும் உங்களுக்கும் வழக்கு என்று வந்தால் இந்த வேறுபாடு பொன்.

எச்சரிக்கை ஒன்று: கீழே களிமண் அடுக்கு இருந்தால் அதைத் துளைத்துக்கொண்டு போக விடாதீர்கள். அதன் கீழே இருக்கும் சுத்தமான நீருக்கு அதுவரை இல்லாத வாசலை நாமே திறந்துவிட்டவர்களாவோம்.

துளைகளில் சிலவற்றைக் கண்காணிப்புக் கிணறாக்குவார்கள். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரிய, ஒரே கோட்டில் இல்லாத மூன்று கிணறாவது வேண்டும். தரை எந்தப் பக்கம் சரிகிறதோ அந்தப் பக்கம்தான் நிலத்தடி நீரும் ஓடும் என்று நம்ப வேண்டாம், பக்கத்தில் ஒரு பெரிய மோட்டார் ஓடினாலே திசை திரும்பிவிடும். இந்தக் கிணறுகளில் நான் முதலில் பார்ப்பது துளைகள் உள்ள வடிகுழாய்ப் பகுதி எந்த ஆழத்தில் இருக்கிறது என்பதை. அது நீர்மட்டத்தை நடுவில் வைத்து மேலும் கீழும் நீண்டிருக்க வேண்டும், பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்குவதையும் சேர்த்து. முழுக்கத் தண்ணீருக்கடியில் வைத்துவிட்டால் மேலே மிதக்கும் எண்ணெய் உள்ளே வரவே வழியில்லை. கிணறு சுத்தமாகத்தான் காட்டும்.

கிணற்றில் ஓர் அடி எண்ணெய் நின்றால் மண்ணிலும் ஓர் அடி நிற்கிறது என்று பொருளில்லை. மண்ணின் இடுக்குகளைத் தண்ணீர், காற்று, எண்ணெய் மூன்றும் பங்கு போட்டுக்கொண்டிருக்கும். அந்த ஓர் அடியைப் பரப்பளவால் பெருக்கி "இத்தனை ஆயிரம் லிட்டர் கிடக்கிறது, எடுத்துத் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

மாதிரி எடுப்பதிலும் கண் வையுங்கள். பென்சீனுக்கான புட்டி 40 மில்லி. தண்ணீர் வாய்க்கு மேல் குமிழாக நிற்கும்வரை மெதுவாக நிரப்பி, மூடி, தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டிப் பார்க்க வேண்டும். காற்றுக்குமிழ் ஓடினால் அந்தப் புட்டி வேண்டாம், ஏனென்றால் பென்சீன் அந்தக் குமிழுக்குள் போய்விடும். துளி அமிலம் சேர்த்து, ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்புவார்கள். வாளியில் மொண்டு பழைய தண்ணீர் பாட்டிலில் ஊற்றி ஆய்வகத்துக்கு அனுப்பினால் முடிவு குறைவாகத்தான் வரும். அதை வைத்து நிம்மதி அடைவதில் அர்த்தமில்லை.

எவ்வளவு வேகத்தில் பரவும் என்று கேட்டால், மண்ணைக் கேட்க வேண்டும். நல்ல மணல், நாளுக்கு 10 மீட்டர் நீர் கடத்தும் திறன், ஆயிரம் மீட்டருக்கு 2 மீட்டர் சரிவு, கால் பங்கு இடுக்கு என்றால் தண்ணீர் ஆண்டுக்கு 29 மீட்டர் போகும். களிமண்ணில் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்கூடப் போகாது. பென்சீன் தண்ணீரைவிடவும் மெதுவாகத்தான் நகரும், வழியில் நுண்ணுயிர்களும் தின்றுகொண்டே வரும். கலிஃபோர்னியாவில் ஒழுகிய டேங்க் இடங்களை லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகம் 1995இல் தொகுத்துப் பார்த்தபோது, பென்சீன் பரவல் 250 அடியைத் தாண்டியது அரிதாகவே இருந்தது.

இதற்கு நேர்மாறான கதையும் அதே மாநிலத்தில் உண்டு. பெட்ரோலில் கலந்த எம்.டி.பி.இ. என்ற ஈதர் தண்ணீரில் மிக எளிதில் கரையும், மண்ணில் ஒட்டாது, நுண்ணுயிர்களும் அவ்வளவு சீக்கிரம் தொடாது. 1996இல் சான்டா மோனிகா நகரம் தன் குடிநீரில் பாதியளவு தந்த கிணறுகளை இதனால் மூட வேண்டியதாயிற்று. எத்தனால் கலந்த பெட்ரோலில் வேறு சிக்கல்: நுண்ணுயிர்கள் எத்தனாலை முதலில் தின்று, இருக்கிற ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். பென்சீன் அதுவரை காத்திருந்து கூடுதல் தூரம் போகும். ஆகவே என்ன எரிபொருள், எந்தக் காலத்தது என்ற கேள்வி சம்பிரதாயத்துக்குக் கேட்பது இல்லை.

இனி சுத்தம் செய்வது. ஆறு மாதம் இறைத்தால் போதும் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். மண்ணில் 5,000 கிலோ பெட்ரோல் தங்கியிருக்கிறது, அதாவது ஆறாயிரத்துச் சொச்சம் லிட்டர், என்று வையுங்கள். நாளுக்கு 50,000 லிட்டர் தண்ணீர் இறைக்கிறீர்கள், அதில் லிட்டருக்கு 10 மில்லிகிராம் கரைந்திருக்கிறது. ஒரு நாளில் வெளியேறுவது அரைக் கிலோ. முழுவதும் தீர 10,000 நாள், 27 ஆண்டு. அதுவும் செறிவு குறையாமல் வந்தால். உண்மையில் முதல் சில மாதம் வேகமாகக் குறையும், பிறகு ஒரு மட்டத்தில் நின்றுவிடும். பம்பை நிறுத்தினால் மறுபடி ஏறும். ஆறு மாதம் என்று சொல்பவர் அந்த முதல் இறக்கத்தை மட்டும் காட்டிவிட்டுப் போகப் பார்க்கிறார்.

இறைப்பதே வீண் என்று சொல்லவில்லை. மாசு உங்கள் கிணற்றுப் பக்கம் வராமல் தடுத்து நிறுத்த அது நல்ல வழி. இறைத்த நீரைக் கார்பன் வடிகட்டியில் விட்டால் பென்சீன் பிடிபடும். மூலத்தை எடுக்கத்தான் அது உதவாது.

மூலத்தை எடுக்க முதல் வழி தோண்டுவது. டேங்கை எப்படியும் வெளியே எடுக்கத்தான் வேண்டும். உள்ளே மிச்சமிருப்பதை உறிஞ்சி, உலர்பனிக்கட்டியோ நைட்ரஜனோ விட்டு ஆவியை அடக்கி, கருவியால் அளந்து உறுதி செய்த பிறகு தூக்குவார்கள். அப்போதே சுற்றியுள்ள நாறும் மண்ணையும் அள்ளிவிட்டால் பல இடங்களில் பாதி வேலை முடிந்துவிடும். நீர்மட்டம் ஆழமாக இருந்தாலோ மேலே கட்டடம் இருந்தாலோ இது ஓரளவுக்கு மேல் நடக்காது.

மிதக்கும் எண்ணெயை உறிஞ்சலாம். ஆனால் நனைந்த பஞ்சை எவ்வளவு பிழிந்தாலும் ஈரம் மிச்சமிருப்பதுபோல, கணிசமான பங்கு மண்ணில் தங்கிவிடும். மணல் மண்ணில் பெட்ரோல் என்றால் எனக்குப் பிடித்த முறை மண்காற்றை உறிஞ்சுவது. நீர்மட்டத்துக்கு மேலே குழாய் இறக்கி, வேக்குவம் பம்ப் வைத்து, ஆவியை இழுத்துக் கார்பனிலோ எரிகலனிலோ விடுவார்கள். மணிக்கு 100 கன மீட்டர் காற்று, ஒரு கன மீட்டருக்கு 5 கிராம் ஆவி என்று எடுத்தால் நாளுக்கு 12 கிலோ. மேலே பார்த்த அரைக் கிலோவோடு ஒப்பிடுங்கள். கரையத் தயங்குவது ஆவியாகத் தயங்குவதில்லை. கூடவே நீருக்கடியில் காற்றை ஊதினால் அங்கே மாட்டிய எண்ணெயும் ஆவியாகி மேலே வரும். உறிஞ்சாமல் ஊத மட்டும் செய்தால் அந்த ஆவி பக்கத்து வீட்டு அடித்தளத்தில் போய் நிற்கும் என்பதால், இரண்டும் ஒன்றாகத்தான் ஓட வேண்டும்.

களிமண்ணில் இது எதுவும் சரிவர வேலை செய்யாது, காற்றுக்கு வழியே இருக்காது. டீசல் என்றாலும் இழுபறிதான், அது அவ்வளவாக ஆவியாகாது. டீசலுக்கு மெதுவாகக் காற்றை ஊட்டி நுண்ணுயிர்களை வேலை வாங்குவது நல்லது. எண்ணெயை வேதிவினையால் சிதைக்கும் பெர்சல்ஃபேட் போன்ற ஆக்சிஜனேற்றிகளை மண்ணுக்குள் செலுத்தும் முறையும் உண்டு. விற்பனையாளர்கள் அதைப் பெரிதாகப் பேசுவார்கள். மருந்து எண்ணெயைத் தொட்டால்தான் வேலை செய்யும், எண்ணெய் எங்கே என்று தெரியாமல் செலுத்தினால் மண்ணிலுள்ள மற்றவற்றோடு வினை புரிந்தே தீர்ந்துவிடும்.

நுண்ணுயிர் என்றதும் கேட்பீர்கள்: சும்மா விட்டாலே இயற்கை பார்த்துக்கொள்ளுமா? ஓரளவுக்கு. 1979 ஆகஸ்டில் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் பெமிட்ஜி அருகே கச்சா எண்ணெய்க் குழாய் வெடித்து சுமார் 17 லட்சம் லிட்டர் கொட்டியது. பெரும்பகுதியை அள்ளிவிட்டார்கள். 4 லட்சம் லிட்டர் அளவுக்கு மண்ணில் தங்கியது. 1983 முதல் அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் அந்த இடத்தை ஆராய்ந்துவருகிறது. அங்கே கரைந்த பென்சீன், தண்ணீர் போன தூரத்தில் ஒரு பகுதியைத்தான் கடந்திருந்தது, மிச்சத்தை நுண்ணுயிர்கள் தின்றுவிட்டன. அதே சமயம் எண்ணெய் அங்கேயே இருப்பதால் பத்தாண்டுகள் பல கழிந்தும் மாசு தீரவில்லை.

ஒரு மில்லிகிராம் பென்சீனைச் செரிக்க மூன்று மில்லிகிராம் ஆக்சிஜன் தேவை. நல்ல நிலத்தடி நீரிலேயே லிட்டருக்கு 8 மில்லிகிராம் போல்தான் இருக்கும். அது தீர்ந்ததும் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனுக்குப் பதிலாக நைட்ரேட், இரும்பு, சல்ஃபேட் என்று ஒவ்வொன்றாகப் பயன்படுத்தும், வேலை மெதுவாகிக்கொண்டே போகும், கடைசியில் மீத்தேன் உண்டாகும். ஆகவே "இயற்கையாகக் குறைகிறது" என்று யாராவது சொன்னால் ஆதாரம் கேளுங்கள்: மாசுக்குள் நைட்ரேட்டும் சல்ஃபேட்டும் குறைந்திருக்கிறதா, கரைந்த இரும்பும் மீத்தேனும் கூடியிருக்கிறதா, பென்சீன் சில ஆண்டுகளாகத் தொடர்ந்து இறங்குகிறதா? இவை இல்லாமல் சும்மா இருப்பதற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

எவ்வளவு சுத்தம் போதும் என்பது யாருக்கு, எந்த வழியே பாதிப்பு போகிறது என்பதைப் பொறுத்தது. குடிக்கும் கிணறு இருந்தால் குடிநீர் அளவு. கட்டடம் இருந்தால் ஆவி. நல்வாய்ப்பாக பெட்ரோல் ஆவியைக் காற்றோட்டமுள்ள மண்ணே பெருமளவு தின்றுவிடும். மிதக்கும் எண்ணெய்க்கும் கட்டடத்தின் அடித்தளத்துக்கும் நடுவே 15 அடி சுத்தமான மண் இருந்தால் பொதுவாகப் போதும் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2015இல் தந்த வழிகாட்டல். கரைந்த மாசு மட்டும் என்றால் 6 அடி. நடுவில் சாக்கடைக் குழாய்ப் பள்ளம் இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது.

வேலை முடிந்தது என்று ஒப்புக்கொள்ளும் முன், எல்லா இயந்திரத்தையும் நிறுத்திவிட்டு ஓர் ஆண்டாவது, வறட்சியும் மழையும் சேர, மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். ஒப்பந்தத்திலேயே இதை எழுதி, கடைசித் தவணையை இதோடு கட்டிப்போடுங்கள். முதல் நிறுவனம் இதற்கு என்ன முகம் காட்டுகிறது என்று பாருங்கள்.

இவ்வளவு எதற்கு, அதே இடத்தில் ஆழமாகப் புதிய போர்வெல் போட்டுக்கொள்ளலாமே என்ற எண்ணம் வரும். மாசின் எல்லை தெரியும்வரை வேண்டாம். ஆழமான போர்வெல்லில் மோட்டார் ஓடினால், மேலே நிற்கும் மாசுத் தண்ணீரை அது கீழே இழுக்கும். குழாயைச் சுற்றி சிமென்ட் சரியாக அடைக்கப்படாவிட்டால் அதுவே நேர்வழி. இப்போதைக்கு லாரித் தண்ணீரையோ, மாசு வரும் திசைக்கு எதிர்ப்பக்கம் தள்ளி இருக்கும் கிணற்றையோ நம்பியிருங்கள். உங்கள் கிணற்றை மூடாதீர்கள், அதன் ஆழத்தையும் நீர்மட்டத்தையும் மாதந்தோறும் குறித்து வையுங்கள். துளை போட வருபவர்களுக்கு அது கூடுதலாக ஒரு கண்காணிப்புக் கிணறு.